பனியில் சுமந்து வந்த பிள்ளை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நார்வே மன்னர் ஏழாம் ஹாகோனின் வாழ்வில் விஞ்சி நின்றது நாட்டுப்பற்றா, குடும்பப் பாசமா என்ற வழக்கில், குடும்பப் பாசமே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்பு பேசிய எதிரணி நண்பர் அமர்வதற்கு முன் ஒரு கேள்வியை வீசினார், அரங்கமும் கைதட்டியது. "பெற்ற பிள்ளைக்கு ஆசையாகச் சூட்டிய பெயரையே ஒரு மகுடத்துக்காக மாற்றியவரா பாசமுள்ள தகப்பன்?" என்றார். டென்மார்க் இளவரசர் கார்ல் 1905-இல் நார்வேயின் அரசரானபோது தம் பெயரை ஹாகோன் என்றும், அலெக்சாண்டர் என்ற தம் ஒரே மகனின் பெயரை ஓலாவ் என்றும் மாற்றியது உண்மைதான். நான் வேறு வாதங்களோடு வந்தேன். அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு இந்த ஒரு கேள்விக்கே விடை சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தகப்பனின் கதை முழுவதும் அந்தப் பெயருக்குள்தான் இருக்கிறது.

கார்ல் 1872-இல் பிறந்தவர். வீட்டின் இரண்டாவது மகன். டென்மார்க்கின் அரியணை அண்ணன் கிறித்தியானுக்கு உரியது என்பதால் தம்பி கடற்படை அதிகாரியானார். 1896-இல் அவர் மணந்துகொண்ட மவுட், பிற்காலத்தில் இங்கிலாந்தின் ஏழாம் எட்வர்டு மன்னரானவரின் மகள்; நம் உறவுமுறையில் சொன்னால் கார்லின் சொந்த அத்தை மகள். ஏழு ஆண்டுகள் காத்திருந்த பிறகு, 1903 ஜூலை 2-ஆம் நாள், மவுட்டின் தந்தை திருமணப் பரிசாக அளித்த ஆப்பிள்டன் இல்லத்தில் அந்தப் பிள்ளை பிறந்தது. அதற்குப் பிறகு அவர்களுக்கு வேறு பிள்ளை இல்லை.

1905 ஜூன் 7-ஆம் நாள் நார்வே, ஸ்வீடனோடு இருந்த ஒன்றியத்தை முறித்துக்கொண்டு தனக்கென ஓர் அரசரைத் தேடியது. அழைப்பு வந்ததும் கார்ல் ஓடிவிடவில்லை. மக்களைக் கேளுங்கள் என்றார். நவம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. 2,59,563 பேர் வருக என்றார்கள், 69,264 பேர் வேண்டாம் என்றார்கள். இதை நாட்டுப்பற்று என்று எதிரணியினர் கணக்கில் சேர்த்தார்கள். அன்றைக்கு அது அவருடைய நாடே அன்று, நடுவர் அவர்களே. மனைவியையும் இரண்டு வயதுக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஓர் அந்நிய ஊருக்குக் குடிபெயரப் போகும் குடும்பஸ்தர், அந்த ஊர் நம்மை மனதார ஏற்கிறதா என்று கேட்டுத் தெளிந்த செயல் அது. அரியணையை ஏற்று அவர் அனுப்பிய தந்தியிலும் தாத்தா ஒன்பதாம் கிறித்தியானின் அனுமதியோடுதான் ஏற்கிறேன் என்று தெரிவித்தார். அந்தத் தந்தியில்தான் தமக்கு ஹாகோன் என்றும் மகனுக்கு ஓலாவ் என்றும் புதுப்பெயர்களை அறிவித்தார்.

அந்த இரண்டு பெயர்களும் எங்கிருந்து வந்தன என்பதை நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். 1380-இல் மறைந்த ஆறாம் ஹாகோன் பழைய நார்வேயின் மன்னர். அவருடைய மகன் நான்காம் ஓலாவ் 1387-இல் பதினாறு வயதில் இறந்துபோனார். அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் அடுத்த எண்களைத் தாங்கி, ஏழாம் ஹாகோனும் பின்னாளில் ஐந்தாம் ஓலாவும் வருகிறார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவனின் சாவோடு அறுந்துபோன ஒரு தகப்பன், பிள்ளை வரிசையை இந்தத் தகப்பன் தம் பிள்ளையைக் கொண்டு மீண்டும் முடிச்சிட்டு இணைத்தார். நாளை அந்த மண்ணில் வளரப்போகும் மகனை 'வெளியூர்க்காரன்' என்று எவரும் சொல்லிவிடக்கூடாது என்ற கவலை உள்ளவர்தான் அப்படிப் பெயர் தேடுவார்.

இப்போது ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1905 நவம்பர் 25, பனி கொட்டுகிறது. டென்மார்க்கின் அரசக் கப்பலில் வந்த குடும்பம், ஓஸ்லோ கடற்கழியின் குறுகலான பகுதியில், ஆஸ்கார்ஸ்போர்க் கோட்டைக்கு அருகே, ஹெய்ம்டால் என்ற நார்வேக் கப்பலுக்கு மாறுகிறது. தளத்தில் பிரதமர் மிக்கெல்சன் வரவேற்கக் காத்திருக்கிறார். ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு தனக்கென ஓர் அரசரைப் பெறும் நாட்டின் முன் ஒருவர் எப்படி வந்து நிற்க வேண்டும்? வாளோடு நிற்கலாம், செங்கோலோடு நிற்கலாம். ஹாகோன் கையில் குழந்தையோடு நின்றார். பனியில் நனையும் இரண்டு வயது ஓலாவைக் கையில் தூக்கி வைத்துக்கொண்டே அவர் நாட்டின் வரவேற்பை ஏற்றார். அந்த நிழற்படம் இன்றும் இருக்கிறது. அதைப் பாருங்கள், நடுவர் அவர்களே. அந்தக் கையைப் பாருங்கள்.

அதே கடலிடுக்குக்கு இரண்டாம் முறை உங்களை அழைத்துச் செல்கிறேன். 1940 ஏப்ரல் 9, விடியற்காலை. ஜெர்மனியின் போர்க்கப்பல் புளூஷர் தலைநகரைப் பிடிக்க அந்த இடுக்கின் வழியே நுழைந்தபோது, ஆஸ்கார்ஸ்போர்க் கோட்டையின் பழைய பீரங்கிகளும் நீர்மூழ்கிக் குண்டுகளும் அதை மூழ்கடித்தன. அந்தச் சில மணி நேர இடைவெளியில் அரச குடும்பம் ரயிலேறி ஹாமருக்குத் தப்பியது. மவுட் 1938-இலேயே லண்டனில் இறந்துவிட்டார். மகன் ஓலாவுக்கு இப்போது முப்பத்தாறு வயது. அவருடைய மனைவி மார்த்தா வேறு யாருமல்லர், ஹாகோனின் தங்கை இங்கெபோர்க்கின் மகள். தாம் அத்தை மகளை மணந்ததுபோலவே மகனுக்கும் அத்தை மகள்தான் வாய்த்தாள். மருமகளையும் மூன்று பேரக் குழந்தைகளையும் ஸ்வீடன் எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டு, தந்தையும் மகனும் நார்வேயிலேயே நின்றார்கள்.

மறுநாள் எல்வெரும் ஊரில் ஜெர்மன் தூதர், நாஜி ஆதரவாளரான நார்வே அரசியல்வாதி குவிஸ்லிங்கைப் பிரதமராக நியமிக்கச் சொல்லி மன்னரிடம் வற்புறுத்தினார். அன்றே நைபெர்க்சுண்டில் கூடிய அமைச்சரவையிடம் ஹாகோன், அந்த நியமனத்தைத் தம்மால் செய்ய முடியாது, அரசு வேறு முடிவெடுத்தால் தாம் முடிதுறப்பதாகச் சொன்னார். அதற்கடுத்த நாள் அந்தச் சிற்றூர் மீது குண்டு மழை பொழிந்தது; தந்தையும் மகனும் காட்டுக்குள் ஓடிப் பனியில் பதுங்கினார்கள். இங்கேதான் எதிரணியினர் 'நாடு, நாடு' என்று முழங்கினார்கள். எனக்கு அந்தக் காட்டில் தெரிவது, அறுபத்தேழு வயதுத் தகப்பன் ஒருவரும் அவர் பக்கத்தில் நிற்கும் ஒரே மகனும்தான். ஐந்நூறு ஆண்டுக் கதையோடு சேர்த்து மகனுக்கு அளித்த பெயரை, அந்நியனுக்குப் பணிந்த வீட்டின் பெயராக விட்டுச்செல்ல அந்தத் தகப்பனுக்கு மனம் வரவில்லை. ஜூன் 7 அன்று வடநார்வேயின் ட்ரோம்சோ நகரிலிருந்து நாட்டைவிட்டுக் கப்பலேறும் வேளையில், மக்களோடு தாம் இங்கேயே தங்கிவிடுகிறேன் என்று ஓலாவ் முன்வந்தார், அரசு இசையவில்லை. தகப்பனிடமிருந்து அல்லாமல் அந்தத் துணிவை அவர் வேறு எங்கே கற்றிருப்பார்?

அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் குடும்பம் சிதறிக் கிடந்தது. தந்தையும் மகனும் லண்டனில் இருந்தார்கள். மருமகளும் குழந்தைகளும் அமெரிக்காவில் இருந்தார்கள். அண்ணன் கிறித்தியான் ஜெர்மானியர் பிடியில் சிக்கிய டென்மார்க்கில் இருந்தார்.

மூன்றாம் முறையும் அந்தக் கடற்கழிக்கு வாருங்கள். 1945 ஜூன் 7. நாட்டைவிட்டுப் போன அதே தேதியில் நார்ஃபோக் என்ற கப்பலில் ஹாகோன் திரும்புகிறார். மார்த்தாவும், ராக்னில்டு, ஆஸ்ட்ரிட், ஹரால்டு ஆகிய மூன்று பேரக் குழந்தைகளும் அவரோடு வருகிறார்கள். 1905-இல் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நுழைந்தவர், மூன்று குழந்தைகளோடு அதே நீர்வழியில் நுழைகிறார். அன்று கையிலிருந்த பிள்ளையோ மே மாதமே வந்து சேர்ந்து, நாட்டின் சார்பில் அப்பாவை வரவேற்கக் காத்திருக்கிறார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் தழுதழுக்கிறது. அவை பொறுத்தருள வேண்டும்.

1955-இல் ஹாகோன் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார்; அதற்குப் பின் அவரால் அரச கடமைகளுக்குத் திரும்ப இயலவில்லை. முந்தைய ஆண்டுதான் மார்த்தாவைப் பறிகொடுத்திருந்த ஓலாவ், தந்தையின் பொறுப்புகளைத் தாமே சுமந்தார். 1957 செப்டம்பர் 21 அன்று தந்தை மறைந்ததும் 'ஐந்தாம் ஓலாவ்' ஆனார். புதிய அரசர் தமக்கென ஒரு கொள்கை வாசகம் வைத்துக்கொள்ளலாம். அவரோ தந்தையின் 'எல்லாம் நார்வேக்காக' என்ற வாசகத்தையே எடுத்துக்கொண்டார். தந்தை கொடுத்த பெயரோடு முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆண்டு, 1991 ஜனவரி 17 அன்று கண்மூடினார்.

அந்தக் குளிர்காலத்தில் ஓஸ்லோ அரண்மனை முற்றத்தில் மக்கள் திரண்டு வந்து, பனியில் மெழுகுவர்த்திகளை நட்டுவைத்தார்கள்; குழந்தைகள் தாங்கள் வரைந்த படங்களையும் கடிதங்களையும் அவற்றின் நடுவே வைத்துவிட்டுப் போனார்கள். எதிரணி நண்பரே, அலெக்சாண்டர் என்ற பெயரில் அந்த ஊருக்குள் ஒருவரும் வந்ததில்லை. தகப்பன் கையில் பனிக்குள் வந்த ஓலாவுக்கு, அந்தப் பனியிலேயே விளக்கேற்றினார்கள்.