மரத்துப்போன நெஞ்சும் கல்லான நெஞ்சும் ஒன்றல்ல

வணக்கம். பின்னால் விடாமல் கேட்பது எங்கள் சோமனூரின் விசைத்தறிச் சத்தம், பொறுத்துக்கொண்டு கேளுங்கள். ஒருவருக்கு உணர்ச்சி இல்லை என்பதைச் சொல்ல நம் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன, அவற்றில் எதை எங்கே சொல்கிறோம் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இதில் ஒரு சொல்லைக் காதில் வாங்காமல் விட்டதற்கு என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஒரு கால்விரலை விலையாகக் கொடுத்தார்.

அப்பிச்சிக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தது. ஒருநாள் மாலை தறிக்கூடத்திலிருந்து வந்தவர் வாசலிலிருந்து கட்டில் வரை நடந்த வழியில், சிமெண்டுத் தரையில் இடது காலடிக்கு மட்டும் ரத்தத் தடம் பதிந்திருந்தது. "ஏனுங்க, காலைப் பாருங்க" என்று அமுச்சி, அதாவது என் அம்மாவின் அம்மா, அலறிய பிறகுதான் அவர் குனிந்து பார்த்தார். செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு வந்த ஓர் ஆணி பெருவிரலுக்குக் கீழே ஏறி நின்றது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே ஒரு மருத்துவமனையில் அவர், "காலு மதமதன்னு கெடக்குதுங்க" என்று சொல்லியிருந்தார். "வலி இருக்கிறதா?" என்று கேட்டார்கள். "வலியில்லீங்க" என்றார். வலி இல்லை என்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

அவர் சொன்னது மிகச் சரியான சொல். மதமதப்பு என்பது உணர்ச்சி முழுவதும் போய்விட்ட நிலையன்று; தோலுக்கும் தரைக்கும் நடுவே எதையோ விரித்துவிட்டதைப் போல, தொடுவது தெரிந்தும் தெளிவாகத் தெரியாத நிலை. பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கிறது என்று பலர் சொல்வதும் இதைத்தான். அது முற்றி, குத்தினாலும் சுட்டாலும் தெரியாமல் போனால் அதற்குப் பெயர் மரத்துப்போதல். சர்க்கரை நெடுங்காலம் கட்டுக்கடங்காமல் இருக்கும்போது நரம்புகள் பழுதாகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை என்பதால் பெரும்பாலும் கால்விரல்களில்தான் அது தொடங்கி மேலே ஏறுகிறது. 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வளையும்படி அழுத்தி, தெரிகிறதா என்று கேட்டாலே கண்டுபிடித்துவிடலாம். ஆகவே உங்கள் வீட்டுப் பெரியவர் மதமதப்பு என்று சொன்னால், "வலிதான் இல்லையே" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வலி தெரியாததுதான் அங்கே நோய்.

புண் ஆறவில்லை, பெருவிரலை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு ஒரு செவிலியர், தினமும் இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். இதோ, அந்தக் கைக்கண்ணாடி இதுதான். ஓரத்தில் ரசம் போயிருக்கிறது. அப்பிச்சியால் குனிய முடியாது என்பதால், அமுச்சி தரையில் உட்கார்ந்து இதை அவர் பாதத்துக்குக் கீழே பிடிப்பார். ஐந்து ஆண்டுகள் ஓர் இரவுகூடத் தவறியதில்லை.

அப்பிச்சி தம் காலைப் பற்றிச் சொல்லும்போது, "சொரணையே இல்ல கண்ணு" என்பார். இந்தச் சொல் நினைவு என்று பொருள்படும் ஸ்மரணை என்ற வடசொல்லிலிருந்து வந்தது. உடம்புக்குச் சொன்ன அதே சொல்லை மானத்துக்கும் சொல்கிறோம்: சூடு சொரணை இல்லாதவன் என்கிறோம். சொன்னால் உறைக்கவில்லை என்பதும் அப்படித்தான். நாக்கில் மிளகாய் உறைப்பதைப் போலச் சொல் மனதில் உறைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இந்தச் சொற்களைப் பெரும்பாலும் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்துத்தான் வீசுகிறார் என்பது எனக்கு வருத்தம் தருகிறது. நாள்தோறும் ஏச்சு வாங்குகிறவனுக்கு, மண்வெட்டி பிடித்த கையைப் போல மனம் காய்ப்பேறிவிடுகிறது. எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல என்று பழிக்கிறோமே, வியர்வைச் சுரப்பிகள் குறைந்த அந்த உயிருக்கு மழை எவ்வளவு சுகம் என்று நினைத்துப் பார்க்கிறோமா?

உண்மையிலேயே பழிக்க வேண்டிய இல்லாமை ஒன்று உண்டு. அதைத் தமிழ் ஈரமில்லாத நெஞ்சு என்கிறது. திருக்குறளின் 58ஆம் அதிகாரம் அந்த ஈரத்தைக் கண்ணோட்டம் என்கிறது. கண் இருந்தும் அது பிறர்மேல் இரக்கத்தோடு ஓடாதவர்களை மண்ணோடு பொருந்தி நிற்கும் மரத்துக்கு ஒப்பிடுகிறது 576ஆம் குறள். அங்கே மரம் என்பது கண்டனம். மரத்துப்போனாள் என்னும்போது கண்டனம் இல்லை. துணைவினையைக் கவனியுங்கள்: நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டாள் என்றால் அவளே செய்துகொண்டது, மரத்துப்போனாள் என்றால் அவளைக் கேட்காமல் அவளுக்கு நேர்ந்தது. இந்தக் 'கொள்'ளுக்கும் 'போ'வுக்கும் நடுவே ஒரு மனுஷியின் மேல் நாம் சொல்லும் தீர்ப்பே மாறிவிடுகிறது.

அப்பிச்சி இறந்த அன்று அமுச்சி அழவில்லை. ஒப்பாரிக்கு நடுவே, வந்தவர்களுக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, தூணைப் பிடித்தபடி நின்றார். "ஒரு சொட்டுக் கண்ணீரு உடுல பாரு, கல்லு நெஞ்சுக்காரி" என்று உறவில் ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அமுச்சியின் காதிலும் விழுந்திருக்கும். எங்கள் மேட்டாங்காட்டில் மேல்மண் புழுதியாகப் பறக்கும்போதும், விதைக்கப் போகிறவர் ஒரு சாண் தோண்டி விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் ஈரம் இல்லை என்பார். எழவு வீட்டில் அந்தப் பொறுமை யாருக்கும் இருக்கவில்லை, எனக்கும் சேர்த்து.

காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு ஒரு வாரம் நான் அமுச்சியோடு தங்கினேன். மூன்றாம் நாள் இரவு, பாத்திரம் கழுவிவிட்டு வந்தவர், மாடத்திலிருந்து இந்தக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே தம் வழக்கமான இடத்தில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் கட்டில் காலியாக இருப்பது அவருக்குத் தெரிந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "அளுகையே வரமாட்டீங்குது கண்ணு. உங்கப்பிச்சி காலாட்டம் எல்லாமே மதமதன்னு கெடக்குது" என்றார்.