சவுண்டு கார்டு போட்டும் சத்தம் வரவில்லையா?

நேயர்களுக்கு வணக்கம். மேசைக் கணினியில், ஒலிக்கென்றே இருக்கும் தனி மின்பலகையான சவுண்டு கார்டை நாமே பொருத்துவது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள், நன்றி.

வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். ஹெட்போனில் சன்னமாக இரைச்சல் கேட்டு, மவுஸை நகர்த்தும்போதெல்லாம் அது 'கிர்'ரென்று கூடினால், கணினியின் முதன்மை மின்பலகையான மதர்போர்டின் மற்ற மின்சுற்றுகளின் இரைச்சல் ஒலிச் சுற்றுக்குள் கசிகிறது என்று பொருள், அதற்குத் தனி கார்டு நல்ல மருந்து. ஆனால் ஸ்பீக்கர் ஒரே சீராக 'ஹம்'மென்று முனகினால், அது பெரும்பாலும் நம் வீட்டு கரண்டின் 50 ஹெர்ட்ஸ். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள், கார்டுக்குச் செலவழிக்காதீர்கள்.

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற கார்டைக் கொண்டுவந்த காலத்தில் இது நிஜமாகவே கடினமான வேலை. கார்டில் இருக்கும் ஜம்பர் என்ற குட்டி இணைப்பு மூடிகளை மாற்றி மாற்றி வைத்து, பிரிண்டரோடு மோதாத ஒரு ஐஆர்க்யூ எண்ணை, அதாவது கார்டு கணினியைக் கூப்பிடும் எண்ணை, தேட வேண்டும். பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற இன்றைய வகைக் கார்டில் அந்தத் தொல்லையே இல்லை.

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் போகட்டும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். கார்டு பெரும்பாலும் மதர்போர்டில் இருக்கும் மிகச் சிறிய ஸ்லாட்டுக்கானது (ஸ்லாட் என்றால் கார்டைச் செருகும் பள்ளம்), அது காலியில்லை என்றால் நீளமான ஸ்லாட்டிலும் உட்காரும், கிராபிக்ஸ் கார்டின் ஃபேனை அடைக்காத இடமாகப் பாருங்கள். அந்த ஸ்லாட்டுக்கு நேரே கேபினெட்டின் பின்பக்கம் இருக்கும் தகர மூடியைக் கழற்றிவிட்டு, கார்டை இரண்டு ஓரத்திலும் சமமாக அழுத்தி, ஸ்க்ரூவைக் கட்டாயம் போடுங்கள், ஏனென்றால் ஹெட்போனை ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் கார்டு ஆடும்.

சரி, பத்து நிமிட வேலை முடிந்தது. சத்தம் வரவில்லை! இங்கேதான் பலர் கார்டு பழுது என்று கடைக்குத் திரும்ப ஓடுகிறார்கள். நானும் ஒரு ராத்திரி முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் ஸ்பீக்கரைச் செருகினால் பாட்டு அருமையாக வருகிறது, முன்பக்கம் ஹெட்போன் போட்டால் ஒன்றுமே இல்லை. முன்பக்கத் துளையிலிருந்து வரும் ஒயர் இன்னும் மதர்போர்டில்தான் மாட்டியிருந்தது, நான் அதைத் தொடவே இல்லை. அந்த ஒயரைக் கழற்றிப் புதுக் கார்டில் மாட்ட வேண்டும். 9 முள் இருக்கும், ஒரு முள்ளின் இடம் காலி, அதனால் ஒரே பக்கமாகத்தான் நுழையும், பலவந்தம் வேண்டாம். சில கார்டுகளில் அந்த இடமே கிடையாது, அப்போது பின்பக்கம்தான் வழி.

ஒயர் சரியாக இருந்தும் வரவில்லையா? கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து போட்டுவிட்டு, விண்டோஸில் ஒலி அமைப்பைத் திறந்து பாருங்கள். மதர்போர்டிலேயே இருக்கும் பழைய ஒலிச் சிப், புதுக் கார்டு, எச்டிஎம்ஐ ஒயரில் இருக்கும் மானிட்டர் என மூன்று பெயர்கள் இருக்கலாம், ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குக் கணினி தன்பாட்டுக்குப் பாட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். புதுக் கார்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஸ்பீக்கர் ஒயரின் முனை பச்சைத் துளையில் இருக்கிறதா என்று பாருங்கள், ரோஸ் மைக்குக்கு உரியது.

அப்புறம், கழற்றிய தகர மூடியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நாளைக்குக் கார்டை எடுத்தால் அந்த ஓட்டையை மூட வேண்டும், இல்லையென்றால் கரப்பான் பூச்சி உள்ளே குடி வந்துவிடும்.