மன்னிப்பும் ஒரு தீர்ப்பு நகலும்

நேயர்களுக்கு வணக்கம். நீதிமன்றத்தை மதிக்காத அதிகாரியை ஆட்சியே மன்னித்துவிடலாமா? இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பாரிமுனையில் நெடுங்காலம் வழக்கறிஞர் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வீடு தண்டையார்பேட்டை. உயர் நீதிமன்றத்தின் உச்சிக் கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கரை சேர்ந்த பெரியவர்களைக் காசிமேட்டில் எனக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா. அரசுப் பணியில் இருந்த கணவர் இறந்துவிட்டார். குடும்ப ஓய்வூதியத்தை ஆறு வாரத்தில் வழங்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. நகலை ரேஷன் கார்டோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு, அந்த அலுவலகத்துக்கு இரண்டு ஆண்டு நடந்தார். “மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம்.” எப்போது போனாலும் இதே பதில். மடித்து மடித்துத் தாளே கிழிந்து, நான்தான் செல்லோடேப் ஒட்டிக் கொடுத்தேன்.

கடைசியில், தீர்ப்பை மதிக்கவில்லை என்று நீதிமன்ற அவமதிப்பு வழக்குப் போட்டோம். அதிகாரி நேரில் வர வேண்டும் என்று உத்தரவு. வாய்தாவுக்கு முந்தின நாள் மாலை, பணம் வங்கிக்கு வந்துவிட்டது! மறுநாள் அவர் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டுப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி இதற்கு ஆறு மாதம் வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். அந்த இரண்டாயிரத்துக்கா பயந்தார்? நீதிபதி முன் பதில் சொல்லி நிற்க வேண்டுமே என்றுதான் பயந்தார். அந்த அம்மாவுக்குச் சோறு போட்டது அந்தப் பயம்.

அந்தப் பயத்தை ஒரே கையெழுத்தில் போக்கிவிட முடியும். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ஷெரிப், அதாவது ஒரு மாவட்டத்தின் காவல் தலைவராக இருந்தவர் ஜோ அர்பாயோ. வெறும் குடியேற்றச் சந்தேகத்தில் ஆட்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2011இல் நீதிமன்றம் தடுத்தது. அவர் கேட்கவில்லை. 2017 ஜூலையில் அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்ப்பு. தண்டனை எவ்வளவு என்று சொல்வதற்கு முன்பே, ஆகஸ்ட் 25 அன்று அதிபர் டிரம்ப் மன்னித்துவிட்டார். பிடிபட்டவர்களை யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை, நேயர்களே.

கருணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் மன்னிக்கும் அதிகாரம் தரும் நம் அரசியலமைப்பின் 72, 161ஆம் பிரிவுகள், தூக்குக் கயிற்றுக்குக் கீழே நிற்பவனுக்கும் ஒரு கடைசிக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன. அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் நீதிமன்றத்தை மதிக்காத அதிகாரிக்கு, அவரைத் தாங்கும் ஆட்சியே அந்தக் கதவைத் திறக்கலாமா? நல்ல வேளையாக நம் உச்ச நீதிமன்றம் 2006இல் ஒரு வழி காட்டியது. ஆந்திர ஆளுநர் ஒரு கைதிக்குத் தண்டனையைக் குறைத்தார். நல்ல கட்சித் தொண்டர் என்பதும் காரணங்களில் ஒன்றாகக் கோப்பில் இருந்தது. நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மன்னிப்புக்கும் காரணம் கேட்கலாம் என்பது அன்று உறுதியானது.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். முக்கியமான ஒன்று பாக்கி. கடமையின் பெயரால் குற்றம் செய்த அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த அரசு அனுமதி வேண்டும். அந்தக் கோப்பு ஆண்டுக்கணக்கில் தூங்கும். 2024 ஜூலை 1 முதல், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 218ஆம் பிரிவுப்படி, 120 நாளில் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம். மனுக் கொடுத்த தேதியை மறக்காமல் குறித்து வையுங்கள். வணக்கம்.