மூச்சை விடுகிறீர்களா, வாங்குகிறீர்களா?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று மூன்று நாட்களாக என்னைச் சும்மா இருக்க விடவில்லை. வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன்:

"ஐயா, நீங்கள் சொன்னபடி காலையில் மரைன் டிரைவில் நடக்கும்போது மூச்சைக் கவனிக்கப் பார்க்கிறேன். பத்து அடி போவதற்குள் மனம் மகளின் சாதாரண தரப் பரீட்சைக்கு ஓடிவிடுகிறது. இழுத்து வந்து மூச்சில் வைத்தால் மூச்சு முட்டுகிறது. சும்மா நடந்தால் வராத களைப்பு, கவனித்தால் வருகிறது. நான் பிழையாகச் செய்கிறேனா? பேசாமல் காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு நடக்கலாமா?"

பாட்டுக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த மூச்சு முட்டலைப் பார்ப்போம். நெஞ்சு வலி, தலைசுற்றல் ஏதாவது சேர்ந்து வந்தால் எனக்கு எழுதாதீர்கள், வைத்தியரிடம் போங்கள். அவை இல்லையென்றால் இதற்குக் காரணம் மிகவும் சாதாரணமானது. வகுப்புக்குள் கல்வி அதிகாரி வந்து நின்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வார்கள். நாம் கவனிக்கிறோம் என்று தெரிந்ததும் மூச்சும் அதைத்தான் செய்கிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை, நம்மைக் கேட்காமலே அது ஓடுகிறது. வேகமாக நடந்தால் தானே கூட்டிக்கொள்கிறது. அந்த வேலைக்கு மூளைத்தண்டில் ஆள் இருக்கிறது. நாம் போய் மேற்பார்வை செய்யத் தொடங்கியதும் 'நன்றாக மூச்செடுக்க வேண்டும்' என்று நெஞ்சை நிமிர்த்தி இழுக்கிறோம். உள்ளே இருப்பது முழுவதும் வெளியேறும் முன்னரே அடுத்ததை இழுக்கிறோம். நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றினால் எங்கே போகும்? முட்டத்தான் செய்யும்.

பழைய ஆட்கள் இப்போது சிரிப்பீர்கள், "மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்" என்று. ஆரம்பிக்கத்தான் போகிறேன். நம் மொழியில் அமைதியாக இருப்பவன் மூச்சு 'விடுகிறான்'. மாடிப்படி ஏறி வந்தவனுக்கு மூச்சு 'வாங்குகிறது'. மூட்டையைத் தவறாகத் தூக்கியவனுக்கு மூச்சுப் 'பிடித்துக்கொள்கிறது'. மூன்றும் மூன்று வினை. சுகமாக இருக்கும் நிலைக்கு நம் முன்னோர் வெளியே விடுவதைத்தான் பெயராக வைத்தார்கள். 'மூச்சு விட நேரமில்லை' என்கிறோமே தவிர, 'மூச்சு இழுக்க நேரமில்லை' என்று யாரும் சொல்வதில்லை.

உடலின் கணக்கும் இதற்கு ஒத்துப்போகிறது. உள்மூச்சுக்கு உதரவிதானம் சுருங்கி வேலை செய்ய வேண்டும். ஓய்வில் இருக்கும்போது வெளிமூச்சுக்கு அந்தச் சிரமம் இல்லை. விரிந்த நுரையீரல் தானே சுருங்கிக்கொள்ளும். மூச்செடுக்க வேண்டும் என்ற தவிப்பைப் பெரும்பாலும் கிளப்புவது ஒட்சிசன் குறைவது அல்ல, காபனீரொட்சைட்டு கூடுவதுதான். அது போகும் வழி வெளிமூச்சு. நெஞ்சில் கை வைத்தோ மணிக்கட்டில் நாடி பிடித்தோ பாருங்கள், நீளமாக விடும்போது இதயத் துடிப்பு சற்று மெதுவாகும். ஆகவே சகோதரி, வெளியே போகும் மூச்சை மட்டும் பாருங்கள். அதுவும் வழியனுப்புகிற மாதிரி. உள்ளே வருவது வரட்டும், அதற்கு உங்கள் அனுமதி தேவையில்லை.

என் அம்மம்மா திருவலையில் உட்கார்ந்து தேங்காய் திருவும்போது பக்கத்தில் இருந்திருக்கிறேன். கை அழுத்தும்போதெல்லாம் 'ஸ்... ஸ்...' என்று ஒரு சத்தம் வரும். அம்மியிலும் அப்படித்தான், குழவியைத் தள்ளும்போது விடுவார், இழுக்கும்போது எடுப்பார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. புறக்கோட்டைக்குப் போனால் நாட்டாமைமாரைப் பாருங்கள். 50 கிலோ அரிசி மூட்டையைத் தோளுக்கு ஏற்றும் அந்த நொடியில் வாயிலிருந்து 'ஹப்' என்று காற்று வெளியே வரும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். ஜிம்மில் காசு கட்டிப் படிப்பவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதும் இதுதான்: பாரத்தைத் தூக்கும்போது விடு.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. ஒரு காலத்தில் எனக்கு எண்ணுகிற பைத்தியம் இருந்தது. நான்கு அடிக்கு உள்ளே, ஆறு அடிக்கு வெளியே. ஒரு மாலை காலிமுகத்திடலில் அப்படியே எண்ணிக்கொண்டு போய் இறால் வடை வண்டியில் மோதினேன். மிளகாய்ச் சாஸ் போத்தல் ஒன்று விழுந்து உடைந்தது. அந்த மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்து, "மாத்தயாவுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை! கடல் இருந்தது, பட்டம் விட்ட பிள்ளைகள் இருந்தார்கள், வடை பொரியும் வாசனை இருந்தது. நான் மட்டும் அங்கே இல்லை. எண்களுக்குள் இருந்தேன். மனம் பரீட்சைக்கு ஓடுவதும் மூச்சுக்குள் போய் ஒளிந்துகொள்வதும் என் கணக்கில் ஒன்றுதான். மூச்சு ஓர் ஓரமாகத் தெரிந்தால் போதும், வீட்டில் குசினிச் சத்தம் கேட்பதுபோல.

சரி, இப்போது நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். உண்மையில் எனக்கு இதைத்தான் பேச ஆசை. நடப்பது முக்கால் மணித்தியாலம் என்றால் மிச்ச நேரம் முழுவதும் மூச்சு எங்கே இருக்கிறது? 101 பஸ்ஸில் மிதிபலகையில் தொங்கும்போது பிடித்துக்கொண்டிருக்கிறோம், சரி, உயிர்ப் பயம். பாடசாலையிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தால்? மகளின் அறைக் கதவைத் திறந்து "படித்தாயா?" என்று கேட்கிறீர்களே, அந்த நேரத்தில்? ஒரு நாள் பாருங்கள். கேட்பதற்கு முன்னால் மூச்சு நின்றிருக்கும், பதில் வந்த பிறகுதான் விடுவீர்கள். பிள்ளைக்கு அது கேட்கிறது, உங்கள் வார்த்தையை விட நன்றாகவே கேட்கிறது. நடக்கும்போது மனம் பரீட்சைக்கு ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஓடட்டும், துரத்த வேண்டாம். அது ஓடும்போது மூச்சு நிற்கிறதா, போய்க்கொண்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நின்றிருந்தால் ஒரு தடவை நீளமாக விடுங்கள். அந்த ஒரு தடவையை நாளைக்குக் கதவைத் திறக்கும் முன்பும் செய்யுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், நடையை விட அந்தச் செய்திக்குத்தான் காத்திருக்கிறேன்.

பாட்டு. போடலாம், ஆனால் ஒரு காதில் மட்டும். ஒரு பக்கம் வாகனம், மறுபக்கம் ரயில் தண்டவாளம், நடுவில் நீங்கள். அதை விட, நடந்துகொண்டே நீங்களே பாடிப் பாருங்கள். பேச முடிந்து, பாட முடியாமல் போனால் வேகம் சரி. சரணம் வரைக்கும் இழுக்க முடிகிறதா, கொஞ்சம் எட்டி நடக்க வேண்டும்.