கடல்நீர்த் தொட்டியில் உப்பைக் கூட்டலும் குறைத்தலும்

மீன் வளர்ப்பில் ஆர்வம் கொண்டு இங்கே கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பெருங்கடல் நீரில் ஒரு கிலோவுக்குச் சராசரியாக 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அந்நீரின் ஒப்படர்த்தி, அதாவது நன்னீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்ற அளவு, ஏறத்தாழ 1.026. பவளங்கள் வளரும் தொட்டியில் இந்த அளவை ஒட்டியே உப்பு இருக்க வேண்டும். மீன்கள் மட்டுமே இருந்தால் சற்றுக் குறைந்தாலும் கேடில்லை.

உப்பளவு மாறுவதற்குப் பெரும்பாலும் நம் ஊர் வெயிலே காரணம். ஆவியாவது தண்ணீர் மட்டுமே என்பதால், 100 லிட்டர் தொட்டியில் 5 லிட்டர் வற்றினால் 35 என்றிருந்த அளவு 37-ஐ நெருங்கிவிடும். அந்தக் குறையை, உப்பு நீக்கி வடிகட்டிய ஆர்ஓ தண்ணீரால் ஈடுசெய்ய வேண்டுமேயன்றி உப்புநீரால் அல்ல.

அளவு மாறிவிட்டதாகத் தோன்றினால், முதலில் கருவியைத்தான் ஐயுற வேண்டும். ஒப்படர்த்தியை அளக்கும், முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலே கணக்குத் தவறிவிடும். நீரில் ஒளி விலகுவதைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் அதைவிட நம்பத்தக்கது. ஆயினும் அதை வெறும் ஆர்ஓ நீரில் சுழியம் காட்டும்படி திருத்தினால் போதாது, உப்பு 35 என்று உறுதியாகத் தெரிந்த திட்டக் கரைசலைக் கொண்டும் சரிபார்க்க வேண்டும். கருவி காட்டிய பொய்யை நம்பி, நலமாக இருந்த தொட்டியைத் திருத்தப் புகுவதைவிட வீண் வேலை வேறில்லை.

உப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் மீனுக்கு ஒன்றல்ல. கடல்மீனின் குருதியில் உள்ள உப்பு கடல்நீரில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே ஆகையால், அதன் உடலிலிருந்து நீர் இடைவிடாமல் வெளியேறுகிறது. அதை ஈடுசெய்ய மீன் கடல்நீரைக் குடித்து, மிகுந்த உப்பைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. சுற்றுநீரில் உப்பு குறைந்தால் இந்தச் சுமை இலேசாகும். திடீரென்று கூடினாலோ, செவுளின் உயிரணுக்கள் ஈடுகொடுக்கச் சில நாள்கள் ஆகுமாதலால், அதற்குள் மீனின் உடல் வறண்டுபோகும். நட்சத்திரமீன், கடல் முள்ளெலி போன்றவற்றுக்கு உடலின் உப்பை இப்படிச் சீராக வைக்கும் திறனே கிடையாது. எந்தப் பக்கம் விரைந்து மாற்றினாலும் அவை தாங்கமாட்டா.

ஆகவே கூட்டும்போது ஒப்படர்த்தியை நாளொன்றுக்கு 0.001 என்ற அளவில் உயர்த்துவதே பாதுகாப்பு. உலர்ந்த உப்பைத் தொட்டியில் நேராகக் கொட்டவே கூடாது. கரையாத மணிகள் பவளத்தின் மேல் விழுந்தால் அதன் தசை வெந்துவிடும். சமையல் உப்பும் உதவாது, ஏனெனில் கடல்நீரில் உள்ள மக்னீசியமும் கால்சியமும் அதில் போதிய அளவில் இல்லை. கடல் உப்புக்கலவையைத் தனி வாளியில், தண்ணீரை முதலில் ஊற்றிப் பிறகு உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பம்பு ஓடவிட்டு நன்கு கரைத்துக்கொள்ளுங்கள். பின்பு, அன்றாடம் வற்றும் நீருக்கு ஈடாக இந்தக் கரைசலையே ஊற்றி வந்தால் போதும். 100 லிட்டர் தொட்டியில் நாளுக்கு 2 லிட்டர் வற்றுமானால், 35 அளவுள்ள கரைசல் லிட்டருக்கு 0.7 கிராம் மட்டுமே கூட்டும். இலக்கை எட்டியதும் மீண்டும் ஆர்ஓ தண்ணீருக்கு மாறிவிட வேண்டும். இதை மறப்பவர்கள் ஏராளம்.

குறைப்பது எளிது. 38-லிருந்து 35-க்கு இறக்க, 100 லிட்டரில் ஏறத்தாழ 8 லிட்டரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்ஓ தண்ணீரை விட வேண்டும். பவளம் இருந்தால் இதை இரண்டு நாள்களுக்குப் பகிர்ந்துகொண்டு, நீரோட்டம் மிகுந்த இடத்தில், தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்த நீரை மெல்ல ஊற்றுங்கள்.

தானாக நீர் நிரப்பும் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். அதன் மிதவை சிக்கிக்கொண்டால் நன்னீர் முழுவதும் தொட்டியில் இறங்கிவிடும். ஆகவே 100 லிட்டர் தொட்டிக்கு 5 லிட்டருக்கு மேற்படாத நீர்க்கலத்தையே இணையுங்கள். அது மொத்தமாகக் கவிழ்ந்தாலும் உப்பளவு 33-க்குக் கீழே போகாது.