எதுவரைக்கும், கர்த்தாவே?

அன்பான சகோதர சகோதரிகளே, உங்கள் யாவருக்கும் ஸ்தோத்திரம்.

"கஷ்டகாலத்தில் விசுவாசம்" என்பது இன்றைய தலைப்பு. கேட்டதுமே பலருக்கு உள்ளுக்குள் ஒரு குற்ற உணர்வு தட்டும். எனக்கு விசுவாசம் குறைச்சல், அதனால்தான் இப்படிக் கலங்கிப்போகிறேன் என்று. விசுவாசம் என்றால் மனசுக்குள் பொங்குகிற ஓர் உணர்ச்சி என்று நினைத்துவிட்டதால் வருகிற தொல்லை இது. அதனால் முதலில் அந்தச் சொல்லையே பார்த்துவிடுவோம்.

"தன் விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்கிறது ஆபகூக் 2:4. அங்கே உள்ள எபிரெயச் சொல் 'எமுனா'. இதே சொல் யாத்திராகமம் 17:12-லும் வருகிறது. ரெவிதீமில் அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது. மலையுச்சியில் மோசே கைகளை உயர்த்தியபடி நிற்கிறார். நேரம் ஆக ஆகக் கை சோர்ந்துவிடுகிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு அவரை உட்காரவைக்கிறார்கள். ஒரு பக்கம் ஆரோன், மறுபக்கம் ஊர் என்பவர், இருவருமாக அவருடைய கைகளைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரைக்கும் கைகள் "ஒரே நிலையாயிருந்தது" என்று நம் வேதாகமம் சொல்கிறதே, அந்த 'ஒரே நிலை'தான் எமுனா. நாம் தினமும் சொல்கிற 'ஆமென்' கூட அதே வேரில் பிறந்த சொல்தான்.

மோசேயின் கை வலிக்கவில்லை என்று அங்கே எழுதியிருக்கிறதா? இல்லை. வலித்த கையை இரண்டு பேர் தாங்கினார்கள், உட்காரக் கல் ஒன்று இருந்தது. அதையும் சேர்த்துத்தான் அந்த நிலைக்கு எமுனா என்று பெயர். உங்களுக்குப் பயம் இருக்கிறதா, அழுகை வருகிறதா என்பதை வைத்து விசுவாசத்தை அளக்காதீர்கள். முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள்.

முகத்தைத் தேவன் பக்கமே வைத்துக்கொள்ள வேதம் கொடுக்கிற கருவி ஒன்று உண்டு. அதை நம் சபைகளில் அதிகம் எடுப்பதில்லை. புலம்பல் ஜெபம்தான் அது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். நம்முடைய பாட்டுப் புஸ்தகத்தில் அந்த விகிதம் இருக்கிறதா என்று வீட்டுக்குப் போய் எண்ணிப்பாருங்கள்.

மாதிரிக்கு 13ஆம் சங்கீதம். ஆறே வசனம். இரண்டிரண்டாகப் பிரியும். முதல் இரண்டு வசனங்கள் முறையீடு. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று ஆரம்பித்து 'எதுவரைக்கும்' என்ற கேள்வி நான்கு தடவை வருகிறது. இரண்டு கேள்வி தேவனைப் பற்றி, ஒன்று தன் மனசைப் பற்றி, ஒன்று சத்துருவைப் பற்றி. தாவீது எதையும் பூசி மெழுகவில்லை. 'மறந்தீர்' என்று நேராகவே கேட்கிறார். ஆனால் யாரிடம் கேட்கிறார்? 'கர்த்தாவே' என்று விளித்துவிட்டல்லவா கேட்கிறார். முறுமுறுப்புக்கும் புலம்பலுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு விளியில் இருக்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கூடாரங்களுக்குள் உட்கார்ந்துகொண்டு தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசினார்கள். தாவீது தேவனோடு பேசினார்.

3, 4 வசனங்கள் விண்ணப்பம். நோக்கிப்பாரும், செவிகொடுத்தருளும், கண்களைத் தெளிவாக்கும். மூன்று வினைச்சொல், மூன்றும் திட்டமானவை. நாம் தவறுகிற இடம் பெரும்பாலும் இதுதான். 'எல்லாவற்றையும் நீர் பார்த்துக்கொள்ளும்' என்று மொத்தமாகக் கட்டிக் கொடுத்துவிடுகிறோம். மொத்தமாகக் கேட்டால் பதில் வந்தாலும் நமக்கு அடையாளம் தெரியாது. இன்று இரவு தூக்கம் வேண்டுமா? நாளைக்கு அந்த ஆளிடம் பேசத் தைரியம் வேண்டுமா? பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கடைசி இரண்டு வசனம் நம்பிக்கை. மூலமொழியில் 5ஆம் வசனம் 'நானோ' என்று தொடங்குகிறது. சத்துரு அப்படியே இருக்கிறான், நிலைமையில் ஒரு மாற்றமும் சொல்லப்படவில்லை. 'நானோ உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்' என்று பேசுகிறவர் மட்டும் திரும்புகிறார். இந்தத் திருப்பத்துக்கு அவசரப்படக் கூடாது. முதல் நான்கு வசனங்களையும் தாண்டிக் குதித்து நேரே ஐந்தாவதற்கு வந்து 'ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்' என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. சொல்லாமல் விட்ட முறையீடு எங்கும் போய்விடாது. இரண்டு மாதம் கழித்து வீட்டில் இருப்பவர்கள்மேல் எரிச்சலாக வெளியே வரும்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. முறையீட்டிலேயே சுற்றிச் சுற்றி வருவது. அதற்குப் புலம்பல் புஸ்தகத்தைப் பாருங்கள். கி.மு. 587 அல்லது 586-இல் எருசலேம் விழுந்த பிறகு பிறந்த ஐந்து பாட்டுகள். எபிரெய எழுத்து 22. முதல் இரண்டு அதிகாரமும் நான்காவதும் எழுத்துக்கு ஒரு வசனமாக 22. மூன்றாவது எழுத்துக்கு மூன்று வசனமாக 66. ஐந்தாவதில் அந்த அகரவரிசை இல்லை, ஆனாலும் வசனம் 22தான். தெருவில் பிள்ளைகள் பசியால் சாகிற காலத்தில் எழுத்தெண்ணிப் பாட்டுக் கட்டுவார்களா என்று தோன்றும். துக்கத்துக்கு ஒரு கரை கட்டியிருக்கிறார்கள். முதல் எழுத்தில் தொடங்கினால் கடைசி எழுத்தில் நிறுத்தியே ஆக வேண்டும்.

இதை நாமும் செய்யலாம். ஒரு தாள், ஒரு பேனா, இருபது நிமிடம். மேலே 'கர்த்தாவே' என்று எழுதுங்கள். பத்து நிமிடம் முறையீட்டை மட்டும் எழுதுங்கள். எழுத்துப்பிழை, பக்திச்சொல் எதையும் பார்க்க வேண்டாம். பிறகு திட்டமான விண்ணப்பம் மூன்று. அதற்கு மேல் வேண்டாம், சிதறிவிடும். கடைசியாக, தேவனைப் பற்றி இன்றைக்கு உங்களால் உண்மையாகச் சொல்ல முடிகிற ஒரே ஒரு வரி. உண்மையாக என்பதைக் கவனியுங்கள். 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று ஒரு தகப்பன் இயேசுவிடம் கதறியது மாற்கு 9:24-இல் இருக்கிறது. அவன் மகனுக்கு அன்றே சுகம் கிடைத்தது. அந்த அளவு போதும். தாளில் தேதி போட்டு மடித்து வேதாகமத்துக்குள் வையுங்கள். படுக்கையில் படுத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டாம். அங்கே ஜெபம் மெல்லக் கவலையாக மாறிவிடும்.

அந்தக் கடைசி வரி வரவே இல்லை என்றால்? 88ஆம் சங்கீதத்தை எடுங்கள். அதில் 'நானோ' என்ற திருப்பமே கிடையாது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் 'இருள்'. தொகுத்தவர்கள் அதை நீக்கவும் இல்லை, ஆறுதலான முடிவு ஒன்றை ஒட்டவும் இல்லை. ஆனாலும் அதன் முதல் வசனம் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று அழைக்கிறது. சில நாட்களில் அந்த விளி மட்டும்தான் கைவசம் இருக்கும்.

அடுத்து, வாக்குத்தத்த வசனங்கள். இதில் நடக்கிற தவறு கொஞ்சம் பெரியது. எரேமியா 29:11, 'அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.' சுவரில் மாட்டியிருப்போம். அதற்கு முந்தின வசனத்தை மாட்டியிருக்கிறோமா? பாபிலோனில் 70 வருஷம் ஆகும் என்கிறது அது. கி.மு. 597-இல் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதின கடிதம். முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று சொன்னான். கேட்பதற்கு எவ்வளவு இதமாக இருந்திருக்கும்! கர்த்தர் அவனை அனுப்பவில்லை என்கிறார் எரேமியா. உண்மையான கடிதம் என்ன சொன்னது? வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள்.

ஆகவே தேவன் தேதி குறிக்காத இடத்தில் நாம் தேதி குறிக்கக் கூடாது. 'இந்த மாதத்துக்குள் அற்புதம்' என்று யாராவது சொன்னால், மாதம் முடிந்தபின் உடைகிற உள்ளத்தை யார் கட்டுவது? வசனத்தைப் பிடித்துக்கொள்ளும்போது அதற்கு முன் ஐந்து வசனம், பின் ஐந்து வசனம் வாசியுங்கள். யாருக்குச் சொன்னது, எந்தச் சூழலில் என்று தெரிந்துகொண்டு பிடித்தால் பிடி நிற்கும்.

வைத்தியத்தைப் பற்றி ஒரே வார்த்தை. எசேக்கியா ராஜாவுக்கு 15 வருஷம் ஆயுசு கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்தார். வாக்குக் கொடுத்த கையோடு, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் போடச் சொன்னார் ஏசாயா. 2 இராஜாக்கள் 20. ஜெபிக்கிறோம் என்று மருந்தை நிறுத்துகிறவர்கள் இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டு நிறுத்தட்டும்.

எலியாவிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். 1 இராஜாக்கள் 19. கர்மேலில் வெற்றி, அடுத்து உயிருக்குப் பயந்து ஓட்டம். சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து 'போதும் கர்த்தாவே' என்று சாவைக் கேட்கிறார். கர்த்தர் செய்ததை வரிசையாகப் பாருங்கள். முதலில் தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூக்கம். மறுபடியும் சாப்பாடு. பிறகு ஓரேபுக்கு 40 நாள் நடை. அதற்குப் பிறகுதான் பேச்சே ஆரம்பிக்கிறது. பேச்சும் பிரசங்கம் அல்ல, 'இங்கே உனக்கு என்ன காரியம்?' என்ற ஒரு கேள்வி. எலியா தன் குறையைச் சொல்கிறார். மெல்லிய சத்தத்துக்குப் பிறகும் அதே கேள்வி, அதே பதில், சொல்லுக்குச் சொல். கர்த்தர் இரண்டு தடவையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரு வேலை, கூட நிற்க எலிசா, நீ தனியாள் இல்லை, இன்னும் 7000 பேர் இருக்கிறார்கள் என்ற செய்தி. 'உனக்கு விசுவாசம் எங்கே?' என்ற கேள்வி அந்த அதிகாரத்தில் எங்குமே இல்லை.

எலியாவைப் போல நீங்களும் சாவைக் கேட்கத் தொடங்கியிருந்தால், அதை இன்றே ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரிடமும் போங்கள். அது அவிசுவாசம் அல்ல, எலியாவுக்கு வந்த அடையும் தண்ணீரும் போலத்தான்.

இனி, பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு. எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூன்று பேரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்ததும் காரணம் தேட ஆரம்பித்தார்கள், அது அவனுடைய பாவத்தில் போய் முடிந்தது. யோபு 42:7-இல் கர்த்தர் கோபப்பட்டது கத்திக் கதறின யோபுவின்மேல் அல்ல, இவர்கள்மேல். ஆகவே 'ஏன் வந்தது தெரியுமா' என்று தொடங்காதீர்கள். 'ஏதாவது தேவையானால் சொல்லுங்கள்' என்றும் விட்டுவிடாதீர்கள். நொந்துபோனவர் சொல்ல மாட்டார். 'வியாழக்கிழமை சாப்பாடு நான் கொண்டுவருகிறேன்', 'ஆஸ்பத்திரிக்கு நான் கூட வருகிறேன்' என்று கிழமை குறித்துச் சொல்லுங்கள். முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். மோசேயின் கையைத் தாங்கின ஆரோன், ஊர் போன்றவர்கள் தேவைப்படுவது ஆறாவது வாரத்தில்.

இப்போது எல்லாரும் 13ஆம் சங்கீதத்தைத் திறந்துகொள்ளுங்கள். சேர்ந்து வாசிப்போம். முதல் நான்கு வசனங்களை மெதுவாக. நாலாம் வசனம் முடிந்ததும் ஒரு நிமிடம் நிறுத்துவோம். ஐந்தாவதைச் சொல்ல முடிகிறவர்கள் சத்தமாகச் சொல்லுங்கள். முடியாதவர்கள் அமைதியாக இருங்கள். பக்கத்தில் இருக்கிறவர் உங்களுக்காகவும் சேர்த்து வாசிப்பார்.