மாரிக்குப் பயந்த ஊர்

நேயர்களுக்கு வணக்கம்.

குளிர்காலத்தில் மத்தி மீன் கூட்டங்கூட்டமாகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் ஒதுங்கும்போது கரைவலை இழுக்கிற வீட்டில் பிறந்தவன் நான். மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டு வளர்ந்தவன். மாரி என்றாலே மழை. அவளை வராதே என்று சொல்ல ஒரு நாள் வரும் என்று நான் நினைத்ததில்லை.

1990களின் கடைசியில் வேலை தேடிப் போய்ச் சேர்ந்த இடம் காக்கமாஸ். வட கேப் மாகாணத்தில், ஆரஞ்சு ஆற்றங்கரையில் இருக்கிறது. டர்பனில் வருஷத்துக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் மழை; அங்கே 200ஐத் தொடாது. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஆனால் லெசோத்தோ நாட்டு மலையில் பெய்த மழை ஆறாகி அந்தப் பாலைக்குள் வந்துவிடுகிறது. வறட்சியிலும் மாட்டு வெக்கை நோயிலும் எல்லாம் இழந்த வெள்ளை விவசாயிகளை 1898இல் டச்சுத் திருச்சபை அங்கே குடியேற்றியது. அவர்கள் கையால் வெட்டிய வாய்க்கால்தான் இன்றும் ஓடுகிறது.

அதில் நிற்கும் நீர்ச் சக்கரங்களைச் சொல்லாமல் விடமுடியாது. ஓடுகிற தண்ணீரே சக்கரத்தைச் சுழற்றும்; சக்கரம் அதே தண்ணீரை வாளி வாளியாக மேட்டுக்கு ஏற்றும். மாடும் வேண்டாம், டீசலும் வேண்டாம். கமலை கட்டி இறைத்த நம் பாட்டன் பார்த்திருந்தால் பெருமூச்சு விட்டிருப்பான்.

எனக்கு வேலை, திராட்சையைப் பறித்துக் காயவைப்பது. பறித்த திராட்சையைப் பொட்டாஷ் உப்புக் கலந்த தண்ணீரில் முக்கி எடுப்போம். தோலில் இருக்கிற மெழுகு போய்ச் சீக்கிரம் காயும். அப்புறம் சிமெண்ட் களத்தில் பரப்புவோம். பிப்ரவரியில் ஒரு ராத்திரி இடி இடித்தது. தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினோம். பாதிக் களத்தை மூடுவதற்குள் கொட்டித் தீர்த்துவிட்டது. விடிந்ததும் குனிந்து அள்ளினேன். விரலெல்லாம் பிசுபிசுப்பு, புளித்த வாடை. "தாயே, இங்கே மட்டும் வராதே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அடுத்த வருஷம் மேற்குக் கடற்கரை. போர்ட் நொலோத்தில் சிங்கி இறால் படகு. அங்கே வருஷ மழை 100 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. கடலோரத்தில் இப்படியொரு வறட்சியா என்று கேட்டால், காரணமே அந்தக் கடல்தான். தென்காற்று மேல்தண்ணீரைக் கரையைவிட்டுத் தள்ளும். அடியிலிருந்து சில்லென்ற தண்ணீர் எழும்பும். அதன்மேல் படிந்து குளிர்ந்த காற்று உயரே ஏறாது, மழைமேகம் திரளாது. அந்த அடித்தண்ணீர்தான் மீனுக்கும் சிங்கிக்கும் தீனி கொண்டுவருகிறது. மண்ணுக்கு மாற்றாந்தாய், மீனுக்குப் பெற்ற தாய்.

காக்கமாஸில் வெந்துபோன உடம்பு, இங்கே ஜனவரியிலும் ஸ்வெட்டர் கேட்டது. பனிமூட்டம் விலகுகிறவரை படகை இறக்கமாட்டார்கள், கரையிலேயே குந்தியிருப்போம். அம்மா டர்பனிலிருந்து போனில் கேட்பாள்.

"அங்கே மழையாடா?"

"இல்லம்மா, ஒரு பொட்டு இல்ல."

"பின்னே ஏன் மூக்கடைச்சுப் பேசுறே?"

சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் என்று எப்படிச் சொல்வது?